எட்டு சதவீத வெளிச்சம்

கோளம் சரியாகிவிட்டது என்று ரிப்பேர்காரர் சொன்னபோது மதியம் மூன்று மணி. இரண்டு வருஷமாக லேப் மூலையில் துணி போர்த்திக் கிடந்த சாமான் அது. உள்ளே வெள்ளை பூசிய, பூசணிக்காய் அளவு உலோகப் பந்து. எல்.இ.டி. சிப்பை நடுவில் வைத்தால், எந்தப் பக்கம் போகிற வெளிச்சத்தையும் விடாமல் கூட்டிச் சொல்லும். யாராவது சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அங்கே இருந்தது நான்தான். என் சிப்பையே எடுத்து வைத்தேன். இந்த வேண்டாத சுறுசுறுப்பு எனக்குக் கூடவே பிறந்தது.

என் ஏழு வருஷ ஆராய்ச்சியை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எல்.இ.டி.க்குள் பிறக்கிற வெளிச்சத்தில் பெரும்பகுதி வெளியே வராது. மேற்பரப்பில் சாய்வாக முட்டி, திரும்பி, உள்ளேயே அலைந்து சூடாகிச் செத்துப்போகும். நான் அதை மிக நெருக்கமான இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிறக்க வைத்தேன். இடைவெளி கச்சிதமாக இருந்தால் வெளிச்சம் சாயாமல் நேராக வந்து தப்பித்துவிடும். இரண்டு மடங்கு வெளியே வருகிறது என்று ஆய்வேட்டில் எழுதி பைண்டும் பண்ணியாகிவிட்டது. வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் கணவரும் மகளும் இருக்கிற ஊருக்குப் போய்விடலாம். மகளுக்கு ஆறு வயது. அவளை நான் விடுமுறைகளில் மட்டும்தான் வளர்த்திருக்கிறேன்.

முதலில் சாதாரண சிப்பை அளந்தேன். பிறகு என்னுடையதை. எட்டு சதவீதம்தான் கூடுதல்.

மறுபடி அளந்தேன். அதே எட்டு. கோளம் பழுதாகிக் கிடந்த காலத்தில் சிப்புக்கு நேர் எதிரே மட்டும் சென்சாரை வைத்து அளந்திருந்தேன். பக்கங்களில் போவதும் அதே அளவு கூடியிருக்கும் என்று நானாகவே பெருக்கிக்கொண்டேன். அது கூடவில்லை, குறைந்திருக்கிறது. பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்ததை முன்பக்கம் திருப்பிவிட்டதுதான் என் ஏழு வருஷ சாதனை. உள்ளே மாட்டிக்கொண்டது அப்படியேதான் இருக்கிறது.

என் வழிகாட்டிப் பேராசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆராய்ச்சி மாணவர்கள் எங்களுக்குள் அவர் பெயர் 'பார்ப்போம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். இன்று அதைச் சொல்லவில்லை.

"கோளம் இன்னும் சரியாகலைன்னு வெச்சுக்கலாமே. உள்ள எங்கயாவது பூச்சு உரிஞ்சிருக்கும்."

"உரியலை சார். பார்த்துட்டேன்."

"இல்லேன்னா இன்னும் ஒரு வருஷம் இங்கதாம்மா. யோசிச்சுக்கோ."

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் சொன்னார். அதனாலேயே எரிச்சலாக வந்தது.

அவர் போனதும் ரிப்பேர்காரர் தயங்கித் தயங்கித் தாளை நீட்டினார். "பூச்சு புதுசா நானே அடிச்சேன் மேடம். உரிய வாய்ப்பே இல்ல. அப்படி எழுதினீங்கன்னா என் தலைதான் உருளும்."

நேர்மை, மனசாட்சி என்றெல்லாம் எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. காலையிலிருந்து முழங்காலில் நின்றதில் அவருடைய பேண்ட் முட்டியில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. கோளம் சரி என்று குறித்து, சோதித்த அளவு என்ற கட்டத்தில் எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் ஒரு நகலைக் கிழித்து மேஜையில் வைத்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார்.

ஃபோன் அடித்தது. வீடியோவில் மகள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன் டிரெஸ் வெக்கறதுக்கு அலமாரில இடம் பண்ணிட்டேன். என் பொம்மையெல்லாம் கட்டிலுக்கு அடில போட்டுட்டேன். போதுமா பாரு."

ஃபோனைத் திருப்பினாள். இரண்டு தட்டுகள் துடைத்துவிட்டது போல் காலியாக இருந்தன. நான் மேஜையில் கிடந்த நகலையே பார்த்துக்கொண்டிருந்ததால், எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்து, அவள் ஃபோனை உள்ளே கொண்டுபோய் மூலை மூலையாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.