சேர்ஜன் அம்பலவாணன்

அம்பலவாணன் பதினோராவது தடவையாகச் செத்துக் கிடந்தபோது அவருடைய நெஞ்சுப் பையில் போன் அதிரத் தொடங்கியது. சுற்றிலும் எண்பது பிணங்கள், நான்கு பீரங்கிகள், புகை ஊதும் இயந்திரம் ஒன்று, சேறு. செத்தவனின் நெஞ்சு கிடுகிடுவென்று ஆடுவதைக் கமராக்காரன் கண்டுபிடித்துவிட்டான். இரண்டாம் உலகப்போர் கால்மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது. அழைத்தது மனைவி சிவமலர்.

"இஞ்சேருங்கோ, வரேக்க பச்சைமிளகாய் வாங்கிக்கொண்டு வாங்கோ. டூட்டிங் கடையில வாங்குங்கோ, மற்றக் கடையில காம்பு அழுகியிருக்கு."

"நான் இப்ப செத்துப்போய்க் கிடக்கிறன் மலர்."

"சரி, முடிய எழும்பி வாங்கோ."

முப்பது வருடம் லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், போர்ப் படங்களில் கூட்டத்தோடு நிற்கிற வேலைக்குப் போனது ஒரு விபத்து. யாருக்கோ துணையாகப் போனவரின் மீசையைப் பார்த்து, பழைய இந்தியப் படைச் சிப்பாய் என்று படக்காரர்களே முடிவு செய்துவிட்டார்கள். வயது அறுபத்தெட்டு என்று சொன்னதற்கு, "அப்போ கொஞ்சம் தூரத்தில் நில்லுங்கள்" என்றார்கள். தூரத்தில் நின்றபடி அவர் பாலைவனத்தில் செத்தார், காட்டில் செத்தார், ஒருமுறை கப்பலில் ஏறும் முன்பே செத்தார்.

முதலாவது படத்துக்கு மட்டும் சிவமலர் வந்தாள். திரையில் அம்பலவாணன் முகம் குப்புறச் சேற்றில் விழுந்ததும் தியேட்டர் முழுக்கக் கேட்க, "பிரதாபன்!" என்று கத்திவிட்டாள். உண்மையான அம்பலவாணன் அவளுக்குப் பக்கத்தில் வாய் நிறையப் பொப்கோர்னோடு உட்கார்ந்திருந்தார். தியேட்டரில் வேலைசெய்கிற பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். பிரதாபன் சிவமலரின் தம்பி, ஊரில் நடந்த போரில் காணாமல் போனவன். இருந்தான் என்று சொல்வதா, இருக்கிறான் என்று சொல்வதா என்று அவள் முப்பத்துச் சொச்ச வருடமாக முடிவுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்கள் உயிரோட இருக்கிற படம் எண்டால் சொல்லுங்கோ, வாறன். மற்றதுக்கு என்னைக் கூப்பிடாதேங்கோ."

அதன்பிறகு பத்துப் படம். ஒன்றுக்கும் கூப்பிடவில்லை. ஆனால் மனிசி ஒரு தடவையாவது தன்னைத் திரையில் முழுசாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்குள் கிடந்து புழுங்கியது. கூட்டத்தில் நின்றவர் யோசித்து யோசித்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். படங்களில் சாவு பதவி பார்த்துத்தான் வருகிறது. சிப்பாய் பத்து நிமிடத்தில் போய்விடுவான். தாயின் படத்தை வெளியே எடுத்தானென்றால் ஐந்து. கோப்ரல் பகிடி விடுகிறவன், பகிடி தீரும்வரை இருப்பான். லெப்டினன்ட் இப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெடியன், அவனுக்காக மற்றவர்கள் சாக வேண்டும். கேணல் கூடாரத்தை விட்டு வெளியே வருவதேயில்லை. ஜெனரல் தேத்தண்ணி குடிப்பார். எந்தப் படத்திலும் ஜெனரலின் தேத்தண்ணி ஆறியதாகச் சரித்திரம் இல்லை. கேணலும் ஜெனரலும் வெள்ளைக்காரருக்கு ஒதுக்கப்பட்ட வேலை. மிச்சம், சட்டைக் கையில் மூன்று கோடு போட்ட சார்ஜன்தான். அவன் முதலிலிருந்து கடைசிவரை கத்திக்கொண்டிருப்பான். அவனைச் சுட்டால் படத்தில் சத்தம் குறைந்துவிடும் என்பதால் விட்டுவைப்பார்கள்.

பன்னிரண்டாவது படத்தில் உடுப்புப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவள் அன்பரசி, மலேசியாக்காரி. அம்பலவாணன் ஆறு மட்டன் ரோல்ஸோடு போய் அவள் மேசைக்கு முன்னால் நின்றார்.

"மூணு கோடு போட்டா நீங்க ஹவில்தார், அங்கிள். யாருக்கு என்ன ரேங்க்னு லிஸ்ட் இருக்கு. கஷ்டம்லா."

"பிள்ளை, ரோல்ஸ் சூடாயிருக்கேக்க சாப்பிடும்."

"எதுக்கு அங்கிள் இந்த வயசுல புரமோஷன்?"

"மனிசி பாக்கோணும்."

அன்பரசி அவரை ஒருகணம் பார்த்தாள். பிறகு ரோல்ஸை ஓரமாக வைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு அழைத்தார். ஹவில்தார் என்றால் சிவமலருக்கு விளங்காது என்று தானே மொழிபெயர்த்தார். "மலர், நான் சார்ஜன் ஆயிட்டன்!" பின்னால் பீரங்கி ஒன்று வெடித்துப் பார்த்தது.

"என்ன? சேர்ஜனோ?" என்றாள். குரல் பூத்துவிட்டது. "அப்ப நல்லம். டொக்டர்மாரை ஆரும் சுடமாட்டாங்கள்."

சேர்ஜன் இல்லை, சார்ஜன் என்று அவர் திருத்தப் போனார். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள். அன்று பின்னேரமும் வழக்கமான பச்சைமிளகாயோடு படியேறும்போதே லண்டன் ஓரத்துச் சட்டனிலிருந்து மரியநாயகி அழைத்தாள். அவளும் சிவமலரும் ஒரே தையல் வகுப்பு.

"அண்ணை, மலரக்கா சொன்னவா. படத்தில எண்டாலும் அவங்கள் கொஞ்சம் படிப்பிச்சுத்தானே விட்டிருப்பாங்கள்? என்ர வலது முழங்காலுக்கு ஒப்பரேசன் செய்யலாமோ?"

அம்பலவாணன் நிதானமாக யோசித்தார். "மழைக்காலம் முடியட்டும் தங்கச்சி" என்றார். லண்டனில் மழைக்காலம் முடிகிற தேதி அவருக்குத் தெரியாமலில்லை.

உள்ளே சிவமலர் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "படம் வரட்டும், நான் வருவன். மரியநாயகியும் வாறாவாம்" என்றாள் திரும்பாமலே. பத்து வருடமாக அவள் சொல்லாத சொல். திருத்துகிற எண்ணத்தை அம்பலவாணன் மிளகாயோடு சேர்த்துக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து மூடினார்.

மறுநாள் காலை, காதில் வயர் மாட்டிய வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன் ஏணியில் ஏறி அறிவித்தான்: விசில் ஊதியதும் வெடி வெடிக்கும், பள்ளத்துக்கு இடதுபக்கம் நிற்கிற எல்லோரும் சாக வேண்டும். அம்பலவாணன் இடதுபக்கம் நின்றார். கையைத் தூக்கி மூன்று கோட்டையும் காட்டினார். பெடியன் கோட்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துத் தானும் கையசைத்துவிட்டு இறங்கினான். இத்தனை வருட ஆராய்ச்சி அந்த இடத்திலேயே கவிழ்ந்தது. சாவு பதவி பார்த்து வரவில்லை, நின்ற இடம் பார்த்து வருகிறது. இது பிரதாபன் விஷயத்திலேயே தெரிந்திருக்க வேண்டியது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதைத் தள்ளி வைப்பதற்குள் விசில் ஊதியது.

வெடித்தது. மண் மழையாகக் கொட்டியது. நாற்பது பேர் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். அம்பலவாணனும் விழத்தான் போனார். ஒரு முழங்கால் மடிந்தது. மற்றது மடியும் முன், மிளகாயோடு குளிர்ப்பெட்டிக்குள் மூடி வைத்தது ஞாபகம் வந்தது. பக்கத்தில் மல்லாந்து கிடந்தவன் யுவனேஸ்வரன், சிங்கப்பூரிலிருந்து படிக்க வந்த பெடியன். அம்பலவாணன் அப்படியே குந்தி அவனுடைய கையைத் தூக்கி மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தார்.

"அங்கிள், நான் செத்துட்டேன்" என்றான் யுவனேஸ்வரன் உதடு அசைக்காமல்.

"தம்பி, பேசாமல் கிடவும். நான் சேர்ஜன்."

"நிறுத்து" என்று ஒருவரும் கத்தவில்லை. நாடி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. புகை வந்து மூடும்வரை அவர் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். முடிந்தபிறகும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் கண்டார்களா, அந்தக் காட்சியை வெட்டி எறிவார்களா என்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. இப்படியே பதினொரு மாதம் போனது.

படம் திரைக்கு வந்தது. வயோதிபருக்கான பகல் காட்சி. மரியநாயகி முழங்காலை நீட்டுவதற்காக ஓரத்து இருக்கையில். சிவமலர் சேலைத் தலைப்பை முன்கூட்டியே கையில் எடுத்து வைத்திருந்தாள், கண்ணை மூட வேண்டி வந்தால் உதவும். பள்ளம் வந்தது. விசில் ஊதியது. தலைப்பு மேலே போனது. அம்பலவாணன் அவள் காதோடு, "பார்" என்றார்.

நாற்பது பேர் விழுந்த இடத்தில் ஒரு மீசை மட்டும் குந்தியிருந்தது. தலை குனிந்து, விழுந்த பெடியனின் கையைப் பிடித்தபடி. நான்கு விநாடி. ஐந்து என்று அம்பலவாணன் இன்றும் சாதிக்கிறார். பிறகு புகை.

மரியநாயகி கைதட்டினாள். சிவமலர் தலைப்பை மடியில் இறக்கினாள்.

"அந்தப் பெடியனுக்குப் பிறகு என்ன நடந்தது?"

"பிறகு சாப்பாடு. சோறும் கோழியும். ரெண்டு தரம் வாங்கித் திண்டவன்."

"ம். சேர்ஜன்மாருக்குக் கையில கோடு போடுறவையோ?"

"மூண்டு ஒப்பரேசன் செய்தவைக்கு மூண்டு கோடு."

"விசர்க்கதை" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை.

திரையில் ஜெனரல் கூடாரத்துக்குள் கிண்ணத்தைத் தூக்கினார், ஆவி பறந்தது. யாரோ யாருக்கோ வரைபடத்தில் எதையோ காட்டினார்கள். சிவமலர் படத்தைப் பார்த்தபடியே இருட்டில் கையை நீட்டி அம்பலவாணனின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். இரண்டு விரல், அவர் வைத்த அதே இடத்தில். படம் முடிந்து, பெயர்களெல்லாம் மேலே போய், விளக்குகள் எரிந்த பின்னும் எடுக்கவில்லை. மரியநாயகி எழும்பி நின்று, யாருக்கு முதலில் வழிவிடுவது என்று தெரியாமல், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தாள்.