திறக்காத ஃபோல்டர்

"நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க கருவியைப் பாக்க வந்துடுவாங்கம்மா. வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அஞ்சு நிமிஷம் ஃபோல்டரைத் திறந்துவிடட்டும்" என்றார் டீம் லீடர் அவளிடம்.

இதயத் துடிப்பைக் காட்டும் கருவிக்குப் புது சிப் வந்திருந்தது. அதில் புரோகிராம் ஓட வேண்டுமென்றால், எழுதியதை சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குத் துணையாக ஒரு சின்ன லைப்ரரியை, அதாவது அடிப்படை நிரல்களின் தொகுப்பை, அந்த சிப்புக்கென்றே உருவாக்க வேண்டும். கம்பைலரோ எல்லா டீமுக்கும் பொதுவாக சர்வரில் இருந்தது. அதன் ஃபோல்டரை மற்றவர்கள் படிக்கலாம், அதில் எழுத முடியாது. அந்த சர்வருக்கு அட்மின் அவள் கணவன்.

கல்யாணமாகி எட்டு மாதம். அவள் எதை முடித்தாலும், "உனக்கென்ன, அட்மினே கைக்குள்ள இருக்காரு" என்று சிரிப்பார்கள். இன்றைக்கு அந்தப் பேச்சுக்கு இடம் தரக்கூடாது.

"வேண்டாம் சார். பூட்டினபடியே இருக்கட்டும்."

காலையில் அவள் செய்த முதல் முயற்சி, லைப்ரரியைக் கம்பைலரின் சொந்த ஃபோல்டரிலேயே வைக்கப் பார்த்து, அனுமதியில்லை என்று நின்றுபோயிருந்தது. இப்போது தன் ஃபோல்டரில் தனி இடம் காட்டினாள். அடுத்த வம்பு வந்தது. 'கம்பைலர் வேலை செய்யவில்லை' என்றது திரை.

"பாத்தியா? புதுசா இன்ஸ்டால் பண்ணச் சொல்லும்மா. மணி ரெண்டாச்சு" என்றார் லீடர்.

அவள் பிழைப் பதிவை வரிவரியாகப் படித்தாள். சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது.

"கம்பைலர் நல்லாத்தான் இருக்கு சார். அதைச் சோதிக்க ஒரு முழு புரோகிராமை இணைச்சுப் பாக்குது. அதுக்கு நான் இனிமே செய்யப்போற லைப்ரரியே வேணுமாம். பொறக்காத பிள்ளைகிட்ட கையெழுத்து கேக்குது!"

இணைக்காமல் சோதித்தால் போதும் என்று ஒரு வரி சேர்த்தாள். சோதனை தேறியது. லைப்ரரி அவள் ஃபோல்டரில் வந்து விழுந்தது. அது இருக்கும் இடத்தைக் கம்பைலருக்குச் சொல்லி, கருவியின் புரோகிராமை இணைத்தாள். மூன்றரைக்குக் கருவியின் திரையில் பச்சைக் கோடு துள்ளி ஓடியது.

பெரிய திரையை மாட்ட அவள் கணவன் வந்தான். லீடர் அவன் தோளைத் தட்டினார். "கடைசியில திறந்துவிட்டதுக்கு தேங்க்ஸ்ப்பா."

"நான் எங்க சார் திறந்தேன்?" என்று சர்வர் பதிவைப் போனில் காட்டினான். "காலைல ஒரே ஒரு தடவை எழுதப் பாத்திருக்கா. அப்புறம் அந்தப் பக்கமே வரலை. என்கிட்ட வாயும் திறக்கலை."

லீடர் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். விருந்தினர் வந்ததும், வழக்கம்போலத் தானே முன்னால் நிற்காமல், "இதைச் செஞ்சவங்க இவங்க. இவங்களே சொல்லுவாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்வையாளரோடு உட்கார்ந்துவிட்டார்.

அவள் கருவியருகே போக எழுந்தாள். கடைசி வரிசையில் கணவன் முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"போதும், எல்லாரும் பாக்கறாங்க" என்றாள், அவனைக் கடக்கும்போது.

"பாக்கட்டுமே" என்றான்.