கர்க்கடகத்தில் ஒரு லட்சத்தீவுப் பயணம்

கர்க்கடகத்தில், அதாவது மலையாளத்து ஆடி மாதத்தில், கல்யாணம் கிடையாது. பாறசாலையில் கல்யாண வீடியோ பிடிக்கும் அகிலேஷுக்கு வருஷத்தில் ஓய்வு கிடைப்பது அந்த ஒரு மாதம்தான். அதனால் மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்ட தேனிலவை, புயலும் மழையும் போட்டு அடிக்கிற அதே மாதத்தில், லட்சத்தீவில் வைத்தான். ஊர் உலகத்தில் யாராவது இப்படிச் செய்வார்களா என்று அவன் மனைவி நந்தனாவுக்கு எரிச்சல்தான். ஆனாலும் தனுவச்சபுரத்தில் தான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஆறு நாள் லீவு வாங்கினாள். மஞ்சள் நிறத்தில் ஒரு சுடிதார் தைக்கக் கொடுத்தாள். அவ்வளவு ஆசை.

புறப்பட நான்கு நாள் இருக்கும்போது ரிசார்ட்டிலிருந்து அறைப் பட்டியல் அவன் போனுக்கு வந்தது. அவன் குளித்துக்கொண்டிருந்ததால் அவள் எடுத்துப் பார்த்தாள். தம்பதி அறை: சானு, சோனா. படம் எடுப்பவர்: அகிலேஷ். லைட் பிடிப்பவர்: நந்தனா. மேக்கப் போடும் லீலாபாயோடு ஒரே அறை.

சர்ச் கல்யாணத்துக்குக் கர்க்கடகம் ஒரு தடையா என்ன? அமரவிளைக்காரி சோனாவுக்கும் சானுவுக்கும் போன வாரம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அந்தப் புது ஜோடியைப் படம் பிடிக்கப் போவதைத்தான் இந்த மனுஷன் தேனிலவு என்று அவள் தலையில் கட்டியிருக்கிறான்.

"ரெண்டும் ஒரே போக்குல முடியும் மக்கா," என்றான், தலையைத் துவட்டிக்கொண்டே. "பகல்ல கொஞ்சம் லைட்டு பிடிச்சா போதும். பின்ன கடல் உண்டு, மீன் உண்டு."

"நான் லீலாபாய் அக்கா கூட ஹனிமூன் போணுமாக்கும்?"

அவன் சிரித்தான். அன்று அவனுக்குச் சோறு போடக்கூட அவளுக்குக் கை கூசியது.

மறுநாள் டிவியில் புயல் எச்சரிக்கை. பிள்ளைகளை அனுப்பவே மாட்டேன் என்று சோனாவின் அப்பா சுந்தரதாஸ் போனில் கத்தினார். லீலாபாயும் கழன்றுகொண்டாள். அகிலேஷ் வாடிப்போவான் என்று நந்தனா நினைத்தாள். அவனோ பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தான்.

"லாட்டரி அடிச்சாச்சு மக்கா! ரூமுக்கு அவங்க கெட்டின பைசா திரும்பக் கிட்டாது. அந்தத் தம்பதி ரூம் இப்போ நமக்காக்கும்!"

"புயல்?"

"அது சும்மா சொல்லுவானுவ. கப்பல் போவுதுல்லா?"

நந்தனாவுக்கு உடம்பெல்லாம் அருவருத்தது. "சுந்தரதாஸ் அண்ணனுக்கு, அவருக்க மோளு கடல்ல போயிரப்பிடாதுன்னு பேடியும் பயமும் உண்டு," என்றாள். "எனக்காகப் பேடிக்க இந்த வீட்டுல ஒரு ஆளு இல்லியா?"

 

அவள் அவன் காதில் விழும்படியே அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"சார், எனக்கு அந்த லீவு வேண்டாம். திங்கட்கிழமை வேலைக்கு வாறேன்."