பழுப்பு ஏறாத குழாய்

லத்தீஃபா அக்காவின் மார்புக் கட்டிக்கு மூன்று சோதனை செய்தார்கள். இரண்டு ஹார்மோனுக்கு, ஒன்று ஹெர்2 என்ற புரதத்துக்கு. மூன்றும் நெகட்டிவ். ஒன்றாவது பாசிட்டிவாக இருந்தால் அதற்கென்று மருந்து உண்டு, பிழைக்கும் வாய்ப்பும் கூடும் என்றார் புற்றுநோய் டாக்டர். இல்லையென்றால் கீமோதான். எதற்கும் கட்டியின் ஸ்லைடுகளை இன்னொருவர் பார்க்கட்டும் என்று செங்கல்பட்டு டாக்டர் விஜயகுமாரியிடம் அனுப்பினார்.

அக்காவுக்கு மாமல்லபுரத்தில் செருப்புக் கடை. "சீசன் நேரத்துல கடைய மூட வெச்சிட்டானுங்க ஜைத்து" என்று பஸ்ஸில் என்னிடம் புலம்பிக்கொண்டே வந்தாள். நோயைப் பற்றிப் பேச்சே இல்லை.

விஜயகுமாரி நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் இல்லை, மைக்ராஸ்கோப்பைப் பார்க்கிறவர். அன்று ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே வந்தார்.

"ஆபரேஷன் என்னிக்கும்மா?"

"போகிக்கு மொத நாளு."

"கட்டி எப்ப லேபுக்குப் போச்சு?"

"லேபு பொங்கல் லீவு. காணும் பொங்கல் கழிச்சி இதோ, என் தம்பிதான் எடுத்துகினு போனான். அதுவரைக்கும் நர்சிங் ஹோம்ல மருந்துத் தண்ணில ஊறிகினு கெடந்துது."

"அறுக்காம, முழுசாவா?"

"முழுசாதான் டாக்டர்" என்றேன். "ஊறுகா மாதிரி சின்ன பாட்டில்ல திணிச்சி வெச்சிருந்தாங்க."

"நடுவுல மருந்து இறங்கியே இருக்காது. கெட்டுப்போன எடத்துல வெட்டி டெஸ்ட் பண்ணிருக்காங்க." அக்காவை மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தார். "இது கட்டி. பாசிட்டிவ்னா பழுப்பு ஏறும், ஏறல. பக்கத்துல இருக்கறது உங்க நல்ல பால்குழாய். ஹார்மோன் சோதனைல இது கொஞ்சமாவது பழுப்பாகணும். இதுவும் பழுப்பாகல."

"அப்டின்னா?"

"டெஸ்ட்டே வேலை செய்யல."

"அப்ப எனக்கு ஒண்ணியும் இல்லியா?"

"கட்டி கேன்சர்தான். எந்த வகைன்னு யாருக்கும் தெரியல. எனக்கும்தான்."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கட்டியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நோயில்லாத குழாயை இவர் ஒருவர்தான் பார்த்தார்.

முதல் லேபில் மிச்சமிருந்த கட்டியை வாங்கி வந்து கொடுத்தேன். மருந்து நன்றாக இறங்கிய ஓரத்தில் வெட்டி, மறுபடி சோதனை செய்தார். அடுத்த வாரம் அக்காவை அதே நாற்காலியில் உட்காரவைத்தார்.

"டீ கலரா கீதே" என்றாள் அக்கா.

"ஸ்ட்ராங் டீ. ரெண்டு ஹார்மோனும் பாசிட்டிவ், ஹெர்2 மட்டும் நெகட்டிவ். கீமோ வேணுமான்னு உங்க டாக்டர் சொல்வார். மாத்திரை அஞ்சு வருஷமாவது சாப்பிடணும். வாய்ப்பு நல்லாவே இருக்கு. கேரண்டி தரமாட்டேன்."

அக்கா குனிந்து அவர் காலைப் பார்த்தாள்.

"உங்க சைஸ் இன்னா டாக்டரம்மா?"

"ஏழு. கொண்டு வராதீங்க, வாங்கமாட்டேன்."

"இன்னிக்கு வாணாம். அஞ்சு வருஷம் கீதுல்ல."