மலிவு நைலோன் கம்பி

மனைவி காளியாயி தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து வேலையிலிருந்து ஓய்வுபெறும் ஞாயிறன்று கிட்டார் வாசிக்கப்போவதாக அழகன் லிந்துலை முழுக்கச் சொல்லிவிட்டார். கிட்டாரிலோ கம்பிகள் அறுந்து கிடந்தன.

லாபிரின் கடையில் விலை குறைந்த இரும்புக் கம்பியைத்தான் முதலில் எடுத்தார்.

“அத மாட்டினா நைலோனுக்குச் செஞ்ச ஒங்க கிட்டாரே ரெண்டாப் பொளந்துரும் அழகண்ணே! இந்த மலிவு நைலோன எடுங்க. புதுசுல நீண்டு சுருதி எறங்கும், மூணு நாள் விடாம முறுக்கி வாசிச்சாப் பழகிரும்” என்றார் லாபிர்.

“வெல குறைவுன்னா மூணு வருஷம்கூட வாசிப்பேன் லாபிர் நானா!”

மூன்று நாளில் ஒரே பாட்டை மூன்று லட்சம் தடவை வாசித்தார். லயத்து வரிசை வீடுகளில் கட்டியிருந்த ஆடுகளும் அதே தாளத்தில் அசைபோட்டன.

ஞாயிறன்று சுருதி இம்மியும் இறங்கவில்லை. அழகன் தொடங்கியதுமே லயத்தின் பன்னிரண்டு காம்பரா வீடுகளும் சேர்ந்து பாடின.

“கம்பி மட்டுமா பழகிச்சு?” என்று காளியாயி சிரித்தார். “லயமே பழகிருச்சுங்க!”