உப்பு பிஸ்கட்

பாதிரியார் பிரசங்கத்தை இழுத்துக்கொண்டே போனார். ஜூலை வெயிலில் வடக்கு டகோட்டாவின் அந்தச் சின்ன லூத்தரன் கோயில் வெந்துகொண்டிருந்தது. மணப்பெண் சிக்னேவுக்குப் பக்கத்தில் தோழியாக நின்ற அக்கா மாரிட், தங்கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கழுத்தெல்லாம் வியர்வை. உதடு வெளுத்துவிட்டது. அடிக்கடி கொட்டாவி வேறு. கவுனுக்குள் நுழையவேண்டுமென்று நேற்றிலிருந்து பட்டினி. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை மகாராணி. அத்தோடு முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்கிறாள். ரத்தமெல்லாம் காலில் இறங்காமல் என்ன செய்யும்? "முட்டிய லேசா மடக்குடி" என்று கிசுகிசுத்தால் போதும்.

மாரிட் வாயைத் திறக்கவில்லை.

தன் கல்யாணத்தில் இதே இடத்தில் அவளும் இப்படி நின்றுதான் மயங்கி விழுந்தாள். குறைந்த ரத்த அழுத்தம் என்றார் டாக்டர். தண்ணீர் நிறையக் குடி, உப்பு சேர்த்துக்கொள், சட்டென்று எழாதே என்றார். அதற்குள் சிக்னே எல்லார் காதிலும் விழச் சொல்லிச் சிரித்துவிட்டாள்: "ரெண்டு உயிர சுமந்துக்கிட்டு நின்னா மயக்கம் வராதா?" ஊர் மாதம் எண்ணியது. பிள்ளை பிறக்காததும் கலைத்துவிட்டாள் என்றது. கோயிலின் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு இனிப் பாடம் சொல்ல வரவேண்டாமென்று, அதை நடத்திவந்த லவோன் சொல்லியனுப்பினாள். அந்த லவோன்தான் இன்று சிக்னேவுக்கு மாமியார்.

சிக்னே சரிந்தாள்.

தலை தரையில் மோதாமல் மாரிட் தாங்கினாள். படுக்கவைத்து, காலை நாற்காலிமேல் தூக்கிவைத்து, இடுப்பு நாடாவைத் தளர்த்தினாள். கண் திறந்ததும் எழவிடவில்லை. பிறகு மெல்ல உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. கடைசியாகத் தன் கைப்பையிலிருந்து உப்பு பிஸ்கட்டை எடுத்தாள்.

அந்த ஊரில் மசக்கைக்காரிகள் காலையில் கடிக்கும் அதே பிஸ்கட். முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லவோன் குனிந்தாள். "என்ன இவளுக்கு? மறைக்காம சொல்லு மாரிட்."

சிக்னே பதறினாள். "பிரஷர்தான்! உனக்கு வந்துச்சே, அதே. சொல்லேன், ப்ளீஸ்!"

மாரிட் இன்னொரு பிஸ்கட்டை அவள் வாயில் திணித்தாள்.

"ஆமா லவோன், எனக்கு வந்த அதேதான். அன்னிக்கு எனக்கு என்னன்னு நீங்கெல்லாம் பேசிக்கிட்டீங்களோ, அதேதான்."

லவோன் நிமிர்ந்து தன் மகனை முறைத்தாள். சிக்னே மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் விழித்தாள். மாரிட்டுக்கு அன்றைக்குத்தான் வயிறு குளிர்ந்தது.