ஜிவாதின் வீட்டுக்கு அடியில் ஓடை

பெல்கிரேடில் லிபோவாட்ஸ் பேட்டை எங்கே முடிந்து கோரிட்சா எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், ஆளுக்கொரு மூலையைக் காட்டுவார்கள். நடுவில் ஓடிய ஓடைதான் எல்லை. அதை நூறு வருடத்துக்கு முன்பே குழாயில் அடைத்து, மேலே தெருவைப் போட்டுவிட்டார்கள்.

இதனால் தூக்கம் கெட்டவர் ஜிவாதின் ஒருவர்தான். டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஞாயிற்றுக்கிழமை பேட்டைத் திருவிழாவில் வெள்ளை மொச்சைக் குழம்புப் போட்டி. லிபோவாட்ஸில் அடுப்பு வைத்திருப்பவர் மட்டுமே கலந்துகொள்ளலாம். ஜிவாதின் குழம்பில் போடப் புகையூட்டிய விலா எலும்பு வரை வாங்கிவிட்டார். மூன்று வருடமாகக் கோப்பையை விடாத முடிதிருத்துநர் தீஹோமிர், தன் கடையில் ஜிவாதினுக்கு முடி வெட்டிக்கொண்டே ஆரம்பித்தார்:

"உன் வீடு ஓடைக்கு அந்தாண்டப்பா. கோரிட்சாவுல போய்க் கிண்டு."

"நான் பொறந்ததே அந்த வீட்லய்யா!"

"பொறந்தது தப்பில்ல. எடம்தான் தப்பு."

கடையே சிரித்தது. ஜிவாதின் பாதி வெட்டிய தலையோடு எழுந்து போனார். இடப்பக்கம் மொட்டைக் கரடு, வலப்பக்கம் காடு. அந்தக் கோலத்திலேயே நான்கு நாள் தெருவில் நடந்தார், பார்க்காதவர் யாருமில்லை. நகராட்சியில் தேடிப் பிடித்த பழைய வரைபடத்திலோ, ஓடை சரியாகக் காகிதம் மடிந்து கிழிந்த இடத்தில் ஓடியது.

சனிக்கிழமை காலை பேய்மழை. நிலவறையிலிருந்து மனைவி பெர்சிதா அலறினாள்:

"ஜிகா! ஓடி வா! முட்டைக்கோஸ் பீப்பா படகு மாதிரி மெதக்குது!"

இறங்கிப் பார்த்தார். நிலவறைத் தரையில் குறுக்காக ஒரு விரிசல். அது நெடுகத் தண்ணீர் கொப்பளித்தது. அடைத்துவைத்த ஓடை மூச்சுமுட்டி மேலே வந்துவிட்டது. ஜிவாதின் வாளியைத் தேடவில்லை. குதித்தார்.

"வந்துடுச்சுடி! ஓடை நம்ம வீட்டுக்கு நடுவுலதான் ஓடுது!"

"ஊர்ல எல்லாரும் தண்ணிய எறைப்பாங்க. இவன் விருந்துக்குக் கூப்பிடுவான்!"

கூப்பிடத்தான் செய்தார். அரைமணியில் பாதித் தெரு நிலவறைக்குள். தீஹோமிர் ரப்பர் பூட்ஸோடு விரிசலைப் பார்த்தார், நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"மேல அந்தப் பக்கம் என்ன?"

"படுக்கையறை."

"அப்ப அது கோரிட்சா."

"இந்தப் பக்கம்?" என்று மடக்கினார் ஜிவாதின்.

மேலே பெர்சிதா பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது.

"அடுப்படி," என்று அங்கிருந்தே கத்தினாள். "போட்டி தூங்கறதுக்கா, சமைக்கறதுக்கா?"

மறுநாள் மைதானத்தில் இரண்டு கொப்பரைகள் பக்கத்துப் பக்கத்தில் கொதித்தன. நடுவில் முக்காலியில் ஜிவாதின். தலையின் மறுபாதியை வெட்டிக்கொண்டிருந்தார் தீஹோமிர். மயிர் விழாமல் பெர்சிதா கொப்பரையை மூடிப் பிடித்திருந்தாள். தன்னுடையதை மட்டும்.